பதினோரு மாத வேலைக்கு முழு மனசு எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலேஜ் வாத்தியார்களுக்கு இப்போதெல்லாம் வேலையில் ஈடுபாடே இல்லை, நாலு காசு கூடக் கிடைத்தால் மறுநாளே கிளம்பிவிடுகிறார்கள் என்ற பேச்சு எங்கே போனாலும் காதில் விழுகிறது. பெற்றோர் சொல்கிறார்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் மேடையில் சொல்கிறார்கள். நான் வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில், அதாவது அரசு உதவி இல்லாமல் ஃபீஸை வைத்தே நடக்கும் பிரிவில், வணிகவியல் நடத்துகிறவள். பிறந்தது, வளர்ந்தது, இப்போது குடியிருப்பது எல்லாமே தண்டையார்பேட்டைதான். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் யார் கிளம்புகிறார்கள், எப்படிக் கிளம்புகிறார்கள் என்பதை வருஷா வருஷம் பக்கத்திலிருந்தே பார்க்கிறேன். ஈடுபாடு இல்லாதவர்கள் போகவில்லை சார். அவர்கள் பெரும்பாலும் இருந்துவிடுகிறார்கள். போவது மனசைக் கொடுத்து வேலை பார்த்தவர்கள்தான்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து பார்த்தால் புரியும். ஒரு பக்கம் செமஸ்டர் தேர்வு நடக்கும், இன்டர்னல் மார்க் ஏற்றிக்கொண்டிருப்போம், அதற்கு நடுவில் யாராவது ஒருவர் வேலையை விட்டுப் போக, பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைந்துகொண்டிருப்பார். லைப்ரரியில் ஒரு கையெழுத்து, லேபில் ஒரு கையெழுத்து, கணக்குப் பிரிவில் ஒரு கையெழுத்து. பீரோ சாவி, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர், மென்டர் நோட்டு எல்லாவற்றையும் துறைத் தலைவர் மேஜையில் ஒப்படைக்க வேண்டும். அந்த மென்டர் நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆசிரியர் பொறுப்பிலும் இருபது, முப்பது பிள்ளைகளை விட்டிருப்பார்கள். யாருக்கு எந்தப் பேப்பரில் அரியர், யாருக்கு ஃபீஸ் பாக்கி, எந்த வீட்டில் அப்பா குடிக்கிறார், எந்தப் பெண்ணுக்குப் படிப்பு முடிவதற்குள் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது வரைக்கும் அதில் இருக்கும். எழுதி வைத்தது பாதிதான், எழுத முடியாதது மீதி. எழுதியது மேஜைமேல் இருக்கும், மீதி அந்த ஆசிரியரோடு கேட்டைத் தாண்டிப் போய்விடும். ஜூனில் புதிதாக வருகிறவருக்கு அந்த நோட்டைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரம் கொடுக்க மாட்டார்கள்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு பையனைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். காசிமேட்டுப் பையன், பி.காம். சேர்ந்தான். விடிகாலையில் படகு வருகிற நேரத்துக்குப் போய்க் கூடை தூக்கிவிட்டு, ஏலம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிக் குளித்துவிட்டு நேராகக் கல்லூரிக்கு வருவான், முதல் பீரியடில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். அவனுக்கு மென்டராக இருந்தவர் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வந்து போன ஓர் இளம் ஆசிரியை. கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட் பாஸ் செய்தவர், பார்ட் டைமில் பிஎச்.டி.யும் பண்ணிக்கொண்டிருந்தார். அவன் ஏன் தூங்குகிறான் என்று திட்டாமல் விசாரித்தவர் அவர் ஒருவர்தான். கொஞ்ச நாளில் அவனுடைய அம்மாவோடு போனில் பேசுகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவனையும் இன்னும் நாலைந்து பேரையும் உட்கார வைத்துக் கணக்கு சொல்லிக் கொடுப்பார். அடக்க விலைக் கணக்கை அவர் சொல்லிக் கொடுத்த விதம் இன்னும் கண் முன்னால் நிற்கிறது. ஒரு படகு கடலுக்குப் போய்வர டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, ஆள் பங்கு எவ்வளவு, வலை கிழிந்தால் அதை எந்தச் செலவில் சேர்ப்பது, மீனே கிடைக்காத நாளில் எது நிலையான செலவு, எது மாறுகிற செலவு என்று அவனிடமே கேட்டுக் கேட்டு போர்டில் எழுதுவார். அவன் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அந்த ஒரு பேப்பரில் அவன் வகுப்பிலேயே நல்ல மார்க் வாங்கினான்.

இரண்டாம் வருஷம் அந்த ஆசிரியை போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு இவன் கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன், அவ்வளவுதான். அவரும் வருஷத்தின் நடுவிலேயே வேறு இடத்துக்குப் போனார், அவருக்குப் பதிலாக வந்தவருக்கு அதுகூடத் தெரியாது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது, அபராதம் கட்டு என்றார்கள், அரியர் சேர்ந்தது. மூன்றாம் வருஷம் பையன் வரவில்லை. பின்னால் வந்த இருவர்மீதும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவர்களுக்குப் பழகக் கிடைத்த நாள் அவ்வளவுதான். பொன்னேரிக்காரர் இப்போது மணலி பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சம்பளம் இங்கே வாங்கியதைப் போல இரண்டு மடங்கு, பி.எஃப். உண்டு, ஞாயிற்றுக்கிழமை யாரும் போன் பண்ணி ஃபைல் கேட்பதில்லை. இன்னும் என்னைக் கூப்பிட்டால் முதலில் அவனைப் பற்றித்தான் விசாரிக்கிறார். இவருக்கா ஈடுபாடு இல்லை?

எங்கள் பகுதிக்கு இது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்றால், இங்கே வருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறவர்கள். பார்டைம் வேலை பார்க்காத பையன்கள் குறைவு, ராத்திரி பார்சல் லோடு ஏற்றுவான், இல்லாவிட்டால் ஸ்விகி, சொமேட்டோ ஓட்டுவான். வீட்டில் அட்டெண்டன்ஸ், கிரெடிட், அரியர், ரீவேல்யூஷன் என்றால் என்னவென்று சொல்லித்தர ஆள் கிடையாது. தென்சென்னையில் ஒரு பேராசிரியர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பையனுக்கு அப்பா இருப்பார், சித்தப்பா இருப்பார், டியூஷன் இருக்கும். இங்கே அந்த வகுப்பாசிரியர்தான் எல்லாம். தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேருகிறவர்களின் விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம், இந்திய அளவில் 28.4 தான். இதை நாம் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கி வைத்ததே எங்கள் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான். அந்தப் பணத்தை நம்பிப் படிக்க வந்த பெண்களை எனக்கு நேரிலேயே தெரியும், மூன்று வருஷமும் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அந்தப் பணம்தான். பிள்ளையை உள்ளே கொண்டுவர இவ்வளவு யோசித்த அரசாங்கம், உள்ளே வந்த பிள்ளைக்கு எதிரே யார் நிற்கப் போகிறார்கள், எத்தனை மாதம் நிற்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. சென்னையில் பழைய அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் ஒரே கட்டடத்தில் காலையில் அரசு சம்பளம் வாங்கும் பிரிவு நடக்கும், மதியத்துக்கு மேல் சுயநிதிப் பிரிவு நடக்கும். அதே பல்கலைக்கழகப் பாடத்திட்டம், அதே வினாத்தாள், அதே கரும்பலகை. காலையில் நடத்துகிறவர் வாங்குவதில் நாலில் ஒரு பங்கைக்கூட மதியம் நடத்துகிறவர் வாங்குவதில்லை. என் துறையில் பிஎச்.டி. முடித்தவர்களே இருபதாயிரத்துக்குள்தான் வாங்குகிறார்கள். வேறு சில இடங்களில் வங்கிக் கணக்கில் ஒரு தொகை போட்டுவிட்டு, அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்வதாகத் தோழிகள் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. நாங்கள் இருபதைத் தாண்டி எடுக்கிறோம், யாராவது நடுவில் போய்விட்டால் அவருடைய வகுப்பும் எங்கள் தலையில்தான் விழும், அதற்குத் தனியாக ஒரு ரூபாய் கிடையாது. இப்படிப் போனவரின் சுமை இருப்பவர்மேல் ஏறி, அவரும் அடுத்த வருஷம் போவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

அரசுக் கல்லூரியாவது பரவாயில்லையா என்றால், அங்கே தற்காலிகமாக எடுக்கப்படும் கௌரவ விரிவுரையாளர்கள் கதை இருக்கிறது. தகுதியுள்ள கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. இங்கே அது 20,000-ஆக இருந்து, போராடிப் போராடி 25,000 ஆனது, அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. ஆனால் மே மாதம் வாடகை உண்டு, ஜூனில் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் உண்டு. சரி, நிரந்தர வேலைக்குத் தேர்வு எழுதலாம் என்றால் அந்தத் தேர்வு எப்போது வரும்? 2019-இல் 2,331 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு கொடுத்தது, அது ரத்தாகிப் போனது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள், ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப் போனது. 2025 அக்டோபரில் மறுபடி 2,708 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. நடுவில் யுஜிசி தகுதி விதியையும் மாற்றிக்கொண்டே இருந்தது. பல்கலைக்கழகத் துறைகளில் சேர 2021 ஜூலையிலிருந்து பிஎச்.டி. கட்டாயம் என்றார்கள், பிறகு 2023 ஜூலை என்றார்கள், கடைசியில் நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்வு பாஸ் செய்திருந்தால் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்றார்கள். முப்பது வயதில் இந்த வரிசையில் வந்து நின்றவர்களுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. பாதி வயசைக் காத்திருப்பிலேயே கழித்த ஒருவரிடம் போய் உங்களுக்கு அர்ப்பணிப்பு போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நான் மேலாண்மைப் பேப்பரும் நடத்துகிறேன், மனிதவளம் பற்றிய பாடத்தில் இந்த ஈடுபாடு என்ற விஷயம் வரும். அமெரிக்காவில் வில்லியம் கான் என்பவர் 1990-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கோடை முகாம் ஒன்றில் வேலை பார்த்தவர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். ஒருவர் தன்னை முழுசாக வேலையில் கொடுக்க வேண்டுமானால் மூன்று இருக்க வேண்டும் என்கிறார் அவர். செய்கிற வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டும், மனசில் பட்டதைச் சொன்னால் தனக்குக் கெடுதல் வராது என்ற தைரியம் இருக்க வேண்டும், உடம்பிலும் மனசிலும் கொடுப்பதற்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் ஸ்டாஃப் ரூமை இதில் வைத்துப் பாருங்கள். முதலாவது எங்களிடம் அள்ள அள்ளக் குறையாமல் இருக்கிறது, கொருக்குப்பேட்டை வீட்டிலிருந்து ஒரு பெண் முதல் முறையாகப் பேங்க் வேலைக்குப் போய் ஸ்வீட் டப்பாவோடு வந்து நிற்கும்போது கிடைக்கிற அர்த்தத்தை வேறு எந்த வேலையும் தராது. இரண்டாவது அறவே இல்லை. துறைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை மாற்றிப் பேசினால் அடுத்த வருஷ ஆர்டர் வராது என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. மூன்றாவதை வேலையே உறிஞ்சிவிடுகிறது.

நெதர்லாந்தில் ஷௌஃபெலி, பேக்கர் என்ற இருவர் ஈடுபாட்டை அளக்க 17 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலே தயார் செய்திருக்கிறார்கள். காலையில் எழுந்தால் வேலைக்குப் போக வேண்டும் போல் இருக்கிறதா, வேலையில் இருக்கும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறதா என்ற மாதிரிக் கேள்விகள். நம் ஊரிலும் கல்லூரி ஆசிரியர்களிடம் இந்தக் கேள்வித்தாளைக் கொடுத்து எம்.பில்., பிஎச்.டி. பண்ணியவர்கள் ஏராளம், நானே பல முறை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பை மட்டும் நினைத்துக்கொண்டு பதில் சொன்னால் எங்களில் பல பேருக்கு நல்ல மார்க் வரும். ஏனென்றால் வகுப்பு எங்களுக்குப் பிடிக்கும். எங்களைத் துரத்துவது வகுப்புக்கு வெளியே இருப்பவை. இதே ஆய்வாளர்கள் வேறு சிலரோடு சேர்ந்து 2001-இல் வெளியிட்ட கோட்பாடு ஒன்று இதைத்தான் சொல்கிறது: வேலை கேட்பது ஏறிக்கொண்டே போய், அதைச் செய்ய வேலை கொடுக்கிற ஆதரவு ஏறாமல் நின்றால், ஆள் முதலில் களைத்துப் போவார், அப்புறம் ஒதுங்கிக்கொள்வார். அரை மனசோடு இருப்பவர்கள் ஒதுங்கியபடியே வருஷக்கணக்கில் ஓட்டிவிட முடியும். முழு மனசோடு வந்தவர்களால் அது முடியாது, பாதி வேலை பார்க்க அவர்களுக்குத் தெரியாது, அதனால் விட்டுவிட்டே போய்விடுகிறார்கள்.

வகுப்புக்கு வெளியே இருப்பவை என்றேன். மே மாதம் வந்தால் அட்மிஷன் பிடிக்க அனுப்புவார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்தில் நோட்டீஸ் கட்டைக் கையில் கொடுத்து இந்த ஸ்கூல், அந்தத் தெரு என்று பிரித்துவிடுவார்கள். பிஎச்.டி. முடித்த ஓர் அம்மா வெயிலில் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மின்ட் பஸ் ஸ்டாண்டில் நின்று நோட்டீஸ் கொடுத்ததைப் பார்த்தேன், அவரிடம் படித்த பழைய மாணவனே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போனான், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை அட்மிஷன் கொண்டுவந்தால்தான் அடுத்த வருஷ ஆர்டர் என்று வாய்மொழியாகச் சொல்கிற இடங்களும் இருக்கின்றன. அப்புறம் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டி வருகிறது என்றால் ஆறு மாதத்துக்கு ஃபைல் வேலை. நடக்காத கருத்தரங்குக்குப் போட்டோ தேடுவது, ஐந்து வருஷத்துக்கு முந்தைய கூட்டத்துக்கு இப்போது மினிட்ஸ் எழுதுவது. தரத்தை அளக்க வந்த ஏற்பாடு, பாடம் தயார் செய்கிற நேரத்தைத் தின்கிறது.

பெண்களுக்கு இன்னொன்று. மகப்பேறு விடுப்பு சட்டப்படி 26 வாரம், 2017-இல் திருத்திய சட்டம். சுயநிதிப் பிரிவில் அதைச் சம்பளத்தோடு வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. ஐந்தாவது மாதத்தில் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் வேறு கல்லூரியில் முதல் வருஷச் சம்பளத்துக்குப் புதிதாகச் சேருவார்கள். அதோடு பழைய சர்வீஸ் போச்சு. ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், உச்ச நீதிமன்றமும் 2022-இல் அது செல்லும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் அதற்கு ஐந்தாண்டு தொடர்ந்து ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது. வருஷா வருஷம் ஏப்ரலில் நிறுத்தி ஜூனில் புது ஆர்டர் கொடுத்தால் ஐந்தாண்டை எங்கே காட்டியிருக்க முடியும்?

ஆட்களைத் தங்க வைக்கச் சில நிர்வாகங்கள் கண்டுபிடித்திருக்கிற வழி, அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பிஎச்.டி. பட்டம் வரை. ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ கல்லூரிகளுக்குச் சொல்லித்தான் இருக்கிறது, இருந்தாலும் நடக்கிறது. வேறு இடத்துக்கு இன்டர்வியூ போக வேண்டுமென்றால் பேங்க் லோன் என்று காரணம் சொல்லிக் கெஞ்சி இரண்டு நாளைக்கு வாங்கிப் போக வேண்டும். என்னுடையவையும் அப்படி ஒரு பீரோவில்தான் இருக்கின்றன, இந்தக் கடிதத்தில் பெயர் போட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதும் அதனால்தான். ஆளைக் கட்டிப்போட்டு வைக்கலாம், அவர் மனசு அந்தப் பீரோவுக்குள் வராது.

ஆள் நிற்காவிட்டால் கல்லூரி எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். காகிதத்தில் நடக்கிறது. 2024 ஜூலையில் ஊழலை எதிர்க்கும் அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டதை நீங்களும் செய்தியாகப் போட்டிருப்பீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்தார்கள், இதில் 224 கல்லூரிகள் வந்தன. எல்லாரும் அதை மோசடி என்ற கோணத்தில் பேசினார்கள், அது மோசடிதான். ஆனால் அந்தப் பெயர்கள் எந்த நாற்காலிகளில் உட்கார வைக்கப்பட்டன? உண்மையான ஆசிரியர் உட்கார்ந்து, தாக்குப் பிடிக்க முடியாமல் எழுந்து போன நாற்காலிகள் அவற்றில் எத்தனை? ஆசிரியர், மாணவர் விகிதத்தை ஏஐசிடிஇ 2018-இல் 15-க்கு ஒருவர் என்பதிலிருந்து 20-க்கு ஒருவர் என்று தளர்த்தியது. தளர்த்திய பிறகும் ஆள் நிற்கவில்லை என்றால் விகிதத்தில் மட்டும் கோளாறு இல்லை.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எங்கள் பகுதியில் ஃபீஸை ஏற்ற முடியாது. ஆட்டோ ஓட்டுகிறவரும் மீன் விற்கிற அம்மாவும் தவணை தவணையாகக் கட்டுகிற பணம் அது. பல பாடப்பிரிவுகளுக்கு அரசு உதவி கிடையாது, அந்த ஃபீஸிலிருந்துதான் எங்கள் சம்பளம் வர வேண்டும். உதவி பெறும் இடங்களிலேயே ஓய்வு பெறுகிறவரின் இடத்தை நிரப்ப அனுமதி வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகமே 2024-இல் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியதால் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் திண்டாடியதைப் பார்த்தோம். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கே அந்த நிலைமை என்றால் சின்னக் கல்லூரி என்ன செய்யும் என்று கேட்டால் எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் இல்லாமலே செய்யக்கூடியவை எவ்வளவோ இருக்கின்றன, அவற்றைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஜூன் மாத ஆர்டரை ஏப்ரலிலேயே கொடுக்கலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. மே மாதம் முழுக்க வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடக்கிறவர்தான் நாலு இடத்துக்கு பயோடேட்டா அனுப்புகிறார், அதில் ஒன்று கிடைத்துவிடுகிறது, ஜூன் முதல் வாரம் நீங்கள் ஆர்டரோடு கூப்பிடும்போது அவர் இல்லை. சான்றிதழ்களை இன்றைக்கே திருப்பிக் கொடுக்கலாம். போகிறவரை உட்கார வைத்து ஏன் போகிறீர்கள் என்று கேட்கலாம். நான் பார்த்த ராஜினாமாக் கடிதங்கள் எல்லாவற்றிலும் சொந்தக் காரணம் என்றுதான் எழுதியிருக்கும், எது அந்தச் சொந்தக் காரணம் என்று ஒருவரும் கேட்டதில்லை. அட்மிஷனுக்குத் தெருவில் நிற்கச் சொல்வதை நிறுத்தலாம். ஒரு பாடத்தை ஒருவர் தொடர்ந்து மூன்று வருஷம் நடத்தும்படி டைம் டேபிள் போடலாம், பிள்ளைகள் சேர்ந்ததிலிருந்து முடிக்கும் வரை ஒரே மென்டர் இருக்கும்படி பார்க்கலாம். பொன்னேரிக்காரரிடம் ஒருமுறை கேட்டேன், என்ன கொடுத்திருந்தால் இருந்திருப்பீர்கள் என்று. மணலிச் சம்பளம் கேட்கவில்லை அவர். மே மாதச் சம்பளமும் கிடைத்து, அடுத்த வருஷம் நான் இங்கேதான் இருப்பேன் என்று மார்ச்சிலேயே தெரிந்திருந்தால் போதும், அக்கா என்றார்.

அரசாங்கத்திடம் கேட்பது இரண்டுதான். கௌரவ விரிவுரையாளருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம், யுஜிசி சொன்ன தொகை. காலியிடங்களுக்கு வருஷா வருஷம் தேர்வு, தேதி மாறாமல். சுயநிதிப் பிரிவுகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, முதல் தலைமுறை மாணவர் அதிகம் படிக்கும் கல்லூரிகளில் அதில் ஒரு பங்கை அரசே ஏற்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, இது பெரிய விஷயம், விவாதிக்கட்டும்.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். மே, ஜூனில் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்கள் போடுகிறீர்கள். எங்கள் பக்கத்து அப்பாக்கள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அட்மிஷனுக்கு வருகிறார்கள். அதில் ஃபீஸ் இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, கேம்பஸ் இன்டர்வியூவில் யாருக்கோ கிடைத்த பெரிய சம்பளம் இருக்கிறது. ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்கள் என்பது இல்லை. இந்த விவரம் ரகசியம் இல்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் ஒவ்வோர் ஆசிரியரும் சேர்ந்த தேதி, விலகியிருந்தால் விலகிய தேதி உட்படப் பட்டியலாகக் கொடுக்கின்றன, நாக் அமைப்புக்கும் ஆசிரியர் விவரம் போகிறது. உங்கள் நிருபர் ஒருவர் சில நாள் உட்கார்ந்தால், வடசென்னையிலும் திருவள்ளூர் பக்கமும் உள்ள கல்லூரிகளில் துறைவாரியாக யார் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்று எடுத்துவிடலாம். பட்டியல் தராத கல்லூரி என்றால் தரவில்லை என்றே போடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள்: ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் துறைத் தலைவரைப் பார்த்து, போன வருஷம் இந்த வகுப்பை நடத்தியவர் இந்த வருஷமும் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் அலுவலகத்தில் பதில் தயார் செய்வார்கள், நாற்பது பேர் கேட்டால் ஆளை நிறுத்தி வைக்க வழி தேடுவார்கள். அட்மிஷன் தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே இது வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
சுயநிதிப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.